எஞ்சினுக்கும் ஒரு பங்கு: பழவேற்காட்டுப் படகுகளும் பராமரிப்புச் செலவும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒரு நாள் போதும். அதனைப் பேணிக் காப்பதற்கோ அப்பொருளின் ஆயுட்காலம் முழுவதும் வேண்டும். வாங்கும் நாளில் உற்றாரும் உறவினரும் கூடி மகிழ்வர். இனிப்பு வழங்குவோரும் உண்டு. பேணும் நாள்களிலோ உடையவர் ஒருவரே தனித்து நின்று பணப்பையைத் திறக்கின்றார். அதனால்தானோ என்னவோ, வாங்கிய விலையை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் நாம், பேணுவதற்கு ஆகும் செலவை எண்ணிப் பார்ப்பதில்லை. இயந்திரங்களைப் பொறுத்தவரையில் இம்மறதி பேரிழப்பைத் தரவல்லது.

செல்வர்கள் விரும்பி வாங்கும் விரைவு மகிழுந்துகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் பலவற்றில் டர்போசார்ஜர் என்னும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் வலிமையால் எஞ்சினுக்குள் கூடுதலான காற்றைத் திணிப்பதே அதன் வேலை. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும்; ஆற்றல் பெருகும். அச்சிறு சக்கரம் நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அவ்வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் பழையதானால் படலம் கிழியும். சக்கரத்தின் அச்சு தேயும். செலவு இலட்சக் கணக்கில் வந்து நிற்கும். 2005ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய புகாட்டி வேரான் என்னும் மகிழுந்தில் 16 சிலிண்டர்களும் நான்கு டர்போசார்ஜர்களும் உண்டு. அதன் எண்ணெயை மாற்றும் பணிக்கே இருபதாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும் என்று பத்திரிகைகள் எழுதின. அச்செலவைக் கேட்டு வியக்கின்றோம். ஆனால் அம்மகிழுந்தின் உரிமையாளர் அச்செலவை ஒத்திப்போட எண்ணமாட்டார். ஒத்திப்போட்டால் எதனை இழப்போம் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த டர்போசார்ஜருக்கு ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1920களில் அது கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இடம்பெற்றது. விற்பனைக்கு வந்த மகிழுந்துகளில் அது இடம்பெற்றதோ 1962ஆம் ஆண்டில்தான். நீரில் கற்ற பாடத்தையே நிலம் பின்னர் கற்றுக்கொண்டது எனலாம். ஆகவே, இயந்திரத்தைப் பேணும் செலவைப் பற்றி ஆராய்வதற்கு மாளிகை முற்றத்தில் நிற்கும் மகிழுந்தைவிட நம் கடற்கரையில் நிற்கும் படகே பொருத்தமானது. மேலும், மகிழுந்து பழுதுற்றால் அதன் உரிமையாளர் வேறொரு வண்டியில் செல்வார். படகின் எஞ்சின் பழுதுற்றால் நான்கைந்து குடும்பங்களில் அன்று உலை ஏறுவதில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு பழவேற்காட்டு மீனவச் சிற்றூர்களின் படகு எஞ்சின்களைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பேணலும் பழுது நீக்கலும்

தமிழில் 'பேணுதல்' என்பது அழகியதொரு சொல். காத்தல், மதித்தல், விரும்புதல், உபசரித்தல் எனப் பல பொருள் தருவது. பெற்றோரைப் பேணுகின்றோம், விருந்தினரைப் பேணுகின்றோம், உடல்நலம் பேணுகின்றோம். கேடு வந்த பின்னர் ஓடுவதைப் பேணுதல் என்று யாரும் கூறுவதில்லை. கேடு வாராமல் நாள்தோறும் கவனிப்பதே பேணுதல். 'பழுது பார்த்தல்' என்னும் தொடரும் எண்ணத்தக்கது. பழுதைப் பார்ப்பவனுக்கே அதனை நீக்க இயலும். அது சிறியதாய் இருக்கும்போது பார்ப்பவன் சிறு செலவில் நீக்குகின்றான். பெரியதான பின் பார்ப்பவன் பெருஞ்செலவில் நீக்குகின்றான்.

மரக்கலங்களைக் கொண்டு வாணிகம் நடத்திய நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சும் கயிற்று நாரும் திணித்து, நீர் புகாதவாறு மெழுகும் பணியைக் கலப்பத்து என்றனர். அரபு மொழியிலும் இதனையொத்த சொல் வழங்குகிறது. கலப்பத்துச் செய்யாமல் மரக்கலத்தைக் கடலில் இறக்குவது அறியாமை என்பது கரையோரத்து முதியோர் அனைவரும் அறிந்த செய்தி. மரம் போய் இழைக்கண்ணாடி வந்தது. பாய் போய் எஞ்சின் வந்தது. ஆனால் பேண வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை.

ஏரியும் படகும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் ஏரிக்கு நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உட்புகுகிறது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இவ்வூரைக் கொண்டிருந்தனர். அக்காலத்தில் துணிமூட்டைகள் ஏறி இறங்கிய இத்துறையில் இன்று மீனும் இறாலும் நண்டும் ஏறி இறங்குகின்றன.

கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் முதலிய சிற்றூர்களின் மீனவர் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கின்றனர். ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. அங்கே கழி ஊன்றியும் படகு செலுத்தலாம். கடலுக்குச் செல்வோருக்கோ எஞ்சின் இன்றியமையாதது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கிய பின்னர், நிவாரணமாக வழங்கப்பட்ட இழைக்கண்ணாடிப் படகுகளும் எஞ்சின்களும் கரையோர ஊர்களில் பெருகின. கட்டுமரம் குறைந்தது, எஞ்சின் ஒலி மிகுந்தது.

இப்படகுகளில் இருவகை எஞ்சின்களைக் காண்கின்றோம். ஒன்று, படகின் பின்விளிம்பில் மாட்டப்படும் வெளிப்பொருத்து எஞ்சின். பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ இயங்குவது. மற்றொன்று, நீண்ட தண்டின் முனையில் சுழல்விசிறியைக் கொண்ட டீசல் எஞ்சின். இதனை 'லாங் டெயில்' என்பர். ஆழம் குறைந்த இடத்தில் தண்டை உயர்த்திக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. டர்போசார்ஜர் பூட்டிய பெரிய டீசல் எஞ்சின்களைக் காசிமேடு போன்ற துறைமுகங்களின் பெரிய விசைப்படகுகளில்தான் காண இயலும். பழவேற்காட்டின் சிறுபடகில் டர்போசார்ஜர் இல்லை. ஆயினும் அந்த எஞ்சின் விரைவு மகிழுந்தைவிடக் கடினமாக உழைக்கின்றது என்று கூறினால் வியப்படைய வேண்டா.

எங்ஙனமெனில், ஒரு மகிழுந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் எனின், அதன் எஞ்சின் ஆண்டுக்கு 250 மணி நேரம் இயங்குகிறது. ஒரு படகு ஆண்டில் 200 நாள் கடலுக்குச் சென்று, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எஞ்சினை ஓட்டுவதாகக் கொண்டால் 600 மணி நேரம் ஆகிறது. மகிழுந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் செய்யும் உழைப்பைப் படகு எஞ்சின் ஓராண்டில் செய்து முடிக்கிறது. அதுவும் பாரத்தோடு, ஏறத்தாழ முழு விசையோடு, உப்பு நீருக்கு நடுவே!

உப்பும் மணலும் செய்யும் வேலை

வெளிப்பொருத்து எஞ்சின் தன்னைச் சூழ்ந்துள்ள நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. எஞ்சினின் அடிப்பகுதியில் இம்பெல்லர் எனப்படும் சிறு ரப்பர் சக்கரம் ஒன்று உண்டு. அதுவே நீரை மேலேற்றி எஞ்சினைச் சுற்றிலும் உள்ள குழாய்களில் செலுத்துகிறது. எஞ்சின் ஓடும்போது பின்புறத்தில் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். நோயாளிக்கு நாடி எவ்வாறோ, எஞ்சினுக்கு அந்நீர்த்தாரை அவ்வாறு. தாரை மெலிந்தாலோ நின்றாலோ குளிர்நீர் செல்லவில்லை என்பது பொருள். உடனே எஞ்சினை நிறுத்திக் காரணம் காண வேண்டும். சில நிமிடங்கள் பொறுத்தால் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பழவேற்காட்டு நீர் இம்பெல்லருக்குப் பகையானது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வருவது இவ்வூரின் தீராத துயரம். படகு மணல்மேட்டை உரசிச் செல்லும்போது நீரோடு மணலும் சேறும் உள்ளே செல்கின்றன. ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் தேய்கின்றன, நீர்வழிகள் அடைபடுகின்றன. போதாக்குறைக்கு, ஏரிநீரின் உப்பு நிலையாக இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஏறத்தாழ நன்னீர். கோடையில் சில பகுதிகளில் கடல்நீரையும் விஞ்சும் உவர்ப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. எஞ்சினை நிறுத்தியபின் உள்ளே தங்கிய நீர் வற்றி, உப்பு படிகமாகக் குழாய்களின் உட்சுவரில் படிகிறது. ஒரு நாள் படிவு கண்ணுக்குத் தெரியாது. நூறு நாள் படிவு குழாயையே அடைத்துவிடும்.

உப்புநீர் செய்யும் மற்றொரு கேடு மின்வேதி அரிப்பு. அலுமினியமும் எஃகும் உப்புநீரில் ஒருங்கே மூழ்கினால் அவற்றிடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். இதனைத் தடுப்பதற்காகவே எஞ்சினின் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அது தான் கரைந்து எஞ்சினைக் காக்கிறது. தியாகக் கட்டி என்று அதனை அழைத்தால் பிழையாகாது. அது பாதிக்கு மேல் கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். சிலர் எஞ்சினுக்கு வண்ணம் பூசும்போது அழகு கருதி அக்கட்டிக்கும் பூசிவிடுகின்றனர். வண்ணம் மூடிய கட்டி கரைவதில்லை. கட்டி கரையாவிடில் எஞ்சின் கரையும்.

மூன்றாவது கேடு நைலான் வலையால் வருவது. அறுந்த வலை இழை சுழல்விசிறியின் தண்டில் சுற்றிக்கொண்டு, நாளடைவில் எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். அவ்வழியே கடல்நீர் பற்சக்கரப் பெட்டிக்குள் நுழையும். பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என அறியலாம். அந்நிலையில் வளையத்தை மாற்றினால் சில நூறு ரூபாயோடு முடியும். விட்டுவிட்டால் பற்சக்கரங்கள் துருவேறி, பெட்டியையே மாற்ற நேரும்.

நீண்ட தண்டு டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் காற்றால் குளிர்வன. அவற்றிற்கு இம்பெல்லர் கவலை இல்லை. ஆயினும் உப்புத் துளிகள் வெப்பம் வெளியேற்றும் தகடுகளின்மீது படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கின்றன. டீசலில் கலந்த நீரும் தூசும் எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலைக் கெடுக்கின்றன. எஞ்சின் கரும்புகை கக்குவதும், வழக்கத்தைவிட மிகுதியாக டீசல் குடிப்பதும் அதன் அறிகுறிகள். புகைகின்ற எஞ்சின் எரிபொருளோடு உரிமையாளரின் இலாபத்தையும் எரிக்கின்றது.

நாள்தோறும் செய்வனவும் நூறு மணிக்கொருமுறை செய்வனவும்

பேணும் பணிகளுள் பாதிக்குச் செலவே இல்லை. கால்மணி நேர உழைப்பு போதும். கரை திரும்பியதும் எஞ்சினுக்குள் நன்னீரைச் செலுத்திக் கழுவுதல் அவற்றுள் தலையாயது. ஒரு பெரிய தொட்டியில் நன்னீர் நிரப்பி, அதில் எஞ்சினின் அடிப்பகுதி மூழ்குமாறு வைத்துச் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டினால் உள்ளேயுள்ள உப்பு கழுவப்பட்டு வெளியேறும். நீரின்றி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது கூடாது. உலர்ந்த இம்பெல்லர் நொடிப் பொழுதில் கருகிவிடும். சுழல்விசிறியில் இழை சுற்றியுள்ளதா எனப் பார்த்தல், எண்ணெய் அளவு காணல், எரிபொருள் வடிகட்டியில் நீர் தங்கியுள்ளதா என நோக்கல் ஆகியவை நாள்தோறும் செய்யத்தக்கன.

இருவீச்சு எஞ்சினாயின் பெட்ரோலோடு எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்பது அளவு; அதாவது லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவாக ஊற்றுவது தவறு. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகும். மிகுந்தால் பிளக்கில் கரி படிந்து எஞ்சின் நடுக்கடலில் நிற்கும்.

நால்வீச்சு எஞ்சினாயின் புதிதாக வாங்கியபின் முதல் 20 மணி நேரத்திலும், அதன் பின்னர் 100 மணி நேரத்திற்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுதல் பொதுவான நெறி. பற்சக்கரப் பெட்டி எண்ணெயையும் பிளக்கையும் துத்தநாகக் கட்டியையும் அப்போதே பார்த்துவிடலாம். இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மணல் மிகுந்த நீரில் அதனினும் விரைவாக. எஞ்சினோடு வரும் கையேடு கூறும் காலவரையறையே இவற்றில் முடிந்த முடிபு.

நாளை வைத்துக் கணக்கிடாமல் மணியை வைத்துக் கணக்கிடுவது ஏன்? இறால் மிகுந்த காலத்தில் எஞ்சின் ஒரு திங்களில் நூறு மணி நேரம் ஓடிவிடும். புயற்காலத்தில் மூன்று திங்கள் ஆனாலும் ஓடாது. சிறு எஞ்சின்களில் மணியைக் காட்டும் கருவி இருப்பதில்லை. எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று ஓடிய மணியைக் குறித்து வருதல் வேண்டும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை ஒருவர் இப்பணியை ஏற்றுக்கொண்டாலே போதுமானது.

வடித்த பழைய எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். அதனை ஏரியில் கொட்டுவது தன் கலத்தில் தானே மண் போடுவதற்கு ஒப்பாகும். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அந்நீரில்தான். பூநாரைகள் இரை தேடுவதும் அங்கேதான். பழைய எண்ணெயைக் கேனில் சேர்த்து வாங்குவோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

செலவுக் கணக்கு

இனி ரூபாய்க் கணக்கிற்கு வருவோம். கீழே வருவன எடுத்துக்காட்டுக்காக நாம் கொண்ட தொகைகள். எஞ்சினுக்கு எஞ்சின், கடைக்குக் கடை இவை மாறும். தத்தம் தொகைகளை இட்டு ஒவ்வொருவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சுமார் பத்துக் குதிரைத்திறன் கொண்ட நால்வீச்சு எஞ்சின் ஒன்றின் விலை இரண்டு இலட்சம் ரூபாய் எனவும், அது ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடுகிறது எனவும் கொள்வோம். எண்ணெய் ஆறு முறை மாற்ற, முறைக்கு 500 ரூபாய் வீதம் 3,000. பற்சக்கரப் பெட்டி எண்ணெய் ஆறு முறைக்கு 900. பிளக்குகள் 1,000. இம்பெல்லர் இரண்டு 2,000. துத்தநாகக் கட்டி இரண்டு 1,600. எரிபொருள் வடிகட்டிகள் 900. மெக்கானிக் கூலி 3,000. கிரீஸ், ரப்பர் வளையம், சில்லறைப் பொருள்கள் 2,600. ஆக மொத்தம் ஆண்டுக்கு 15,000 ரூபாய். இதனை 200 தொழில் நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 75 ரூபாய்.

அன்றாட எரிபொருளுக்கு ஆயிரம் ரூபாய் செலவாவதாகக் கொண்டால், எரிபொருளுக்குச் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயோடும் ஏழரை ரூபாயைச் சேர்த்து எடுத்து வைத்தால் எஞ்சினின் தேவை முழுவதும் நிறைவேறிவிடும்.

இதனைச் செய்யாதவர் எதனை மிச்சப்படுத்துகின்றார்? எஞ்சின் கொதித்து நின்றால், அதனைப் பிரித்துச் சீராக்க 60,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். உதிரிப் பொருள் வந்து சேரும்வரை இருபது நாள் படகு கரையில் கிடக்கும். நாளொன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய் வருவாய் இழப்பு எனின், அது 40,000. ஆக, ஒரே பழுதில் ஓர் இலட்சம் ரூபாய் போயிற்று. ஆறு ஆண்டுகளுக்கு மேல் எஞ்சினைப் பேணியிருக்கத்தக்க தொகை அது.

பழுதே வாராவிட்டாலும் இழப்பு உண்டு. நன்கு பேணிய எஞ்சின் எட்டு ஆண்டு உழைக்கிறது. பேணாத எஞ்சின் நான்கு ஆண்டு உழைக்கிறது என்போம். முன்னதற்கு விலையில் ஆண்டுப் பங்கு 25,000, பேணல் செலவு 15,000, கூட்டினால் 40,000. பின்னதற்கு ஆண்டுப் பங்கு மட்டுமே 50,000. பேணுவதில் 15,000 ரூபாய் மிச்சம் பிடித்தவர் விலையில் 25,000 ரூபாயை இழந்துவிட்டார். ஏழ்மையின் காரணமாகப் பேணவில்லை என்பவர், பேணாமையாலேயே மேலும் ஏழையாகின்றார்.

2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா போன்ற திட்டங்கள் பயனாளிகளுக்கு மானியம் அளிக்கின்றன. பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், மகளிர்க்கும் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் என்பது அதன் அளவு. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் எஞ்சினுக்கான மானியம் வாங்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் எண்ணெய்க்கும் இம்பெல்லருக்கும் பணம் தேடுபவர் உரிமையாளரே.

உயிரின் கணக்கு

ரூபாயால் அளக்க இயலாத செலவு ஒன்றும் உண்டு. கடலிலிருந்து திரும்பும் படகு முகத்துவாரத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களே மிகவும் இடர் நிறைந்தவை. ஆழம் குறைந்த மணல்மேட்டின்மீது அலை மடிந்து உடையும். எஞ்சின் இயங்கும்வரை படகோட்டி அலைக்கு முகம் கொடுத்துத் தப்பித்துக்கொள்வார். அங்கே எஞ்சின் நின்றால் படகு திரும்பி, விலாப்பக்கத்தில் அலை மோதும். அடுத்த அலையில் கவிழும். மீன்பிடித் தொழிலோடு தொடர்பில்லாத நிகழ்ச்சியாயினும், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. இந்நீர் பிழை பொறுக்காதது என்பதற்கு அந்நாளே சான்று.

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவரின் நெடுநாளைய கோரிக்கை. அது அரசின் பணி. ஆனால் முகத்துவாரத்தைக் கடக்கும்போது எஞ்சின் நிற்காதவாறு பார்த்துக்கொள்வது நம் பணி. ஐந்நூறு ரூபாய் எண்ணெயை அடுத்த திங்களுக்கு ஒத்திப்போடுபவர், படகில் ஏறும் நால்வரின் உயிரையும் உடன் வைத்து ஒத்திப்போடுகின்றார்.

பங்கும் பாடும்

எஞ்சினைப் பேண வேண்டும் என்பதை மீனவர் அறியாதவர் அல்லர். நடுக்கடலில் நின்ற எஞ்சினைக் கைக்கருவி ஒன்றிரண்டைக் கொண்டே உயிர்ப்பிக்கும் திறனுடையோர் அவர்களுள் பலர். குறை அறிவில் இல்லை. பணம் பிரியும் முறையில் உள்ளது.

மீன் விற்ற பணத்திலிருந்து எரிபொருள், ஐஸ், உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்துவிட்டு, எஞ்சியதைப் படகுக்கும் ஆள்களுக்குமாகப் பங்கிடுவது கரையோர வழக்கம். பங்கின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் உரிய பங்கு உரிமையாளரின் கைக்கு வருகிறது. வந்தவுடன் அது வீட்டுச் செலவோடும் கடன் தவணையோடும் கலந்துவிடுகிறது. எஞ்சின் உழைத்த பங்கு எஞ்சினுக்குச் சேர்வதில்லை. நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே. எரிபொருளைக் கழிப்பதுபோல் பேணும் செலவையும் பங்கு பிரிப்பதற்கு முன்னரே கழித்துவிட வேண்டும். மீதி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மீதி வருவதில்லை. நாளொன்றுக்கு அந்த 75 ரூபாய் தனி உண்டியலில் விழுமாயின், நூறு மணி நிறையும் நாளில் கடன் கேட்டு யாரிடமும் நிற்க வேண்டா. இதனால் ஆள்களின் பங்கு சிறிது குறையுமே என்று கேட்கலாம். எஞ்சின் நின்றுபோகும் இருபது நாளும் அவர்களின் பங்கு முழுவதுமே இல்லாமற் போகின்றதே!

காலத்தையும் நமக்கு வேண்டியவாறு பயன்படுத்தலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பெரிய விசைப்படகுகளின் உரிமையாளர்கள் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்வது வழக்கம். சிறுபடகுகளுக்கு அத்தகைய நீண்ட ஓய்வு இல்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழையின் கொந்தளிப்பான நாள்கள் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி செலுத்தும் நாள்களிலும் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டா என அறிவிக்கப்படுகிறது. வருவாய் இழந்த அந்நாளை எஞ்சினுக்குரிய நாளாக்கினால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். அத்தீவில் விண்ணுக்குச் செல்லும் எஞ்சினைப் பலமுறை சோதித்த பின்னரே ஏவுகின்றனர். இக்கரையில் கடலுக்குச் செல்லும் எஞ்சினையும் அன்று சோதித்து வைக்கலாம்.

தனி ஒருவரால் இயலாததை ஊர் கூடிச் செய்யலாம். பழவேற்காட்டில் 'பாடு' என்னும் தொன்மையான முறை உண்டு. ஏரியின் எந்த இடத்தில் எந்நாளில் யார் வலை விரிப்பது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. 'பாடு' என்னும் சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. உழைப்பையும் துன்பத்தையும் முறைவைத்துப் பகிரக் கற்ற மக்களுக்கு ஓர் எஞ்சின் நிதியை அமைப்பது அரிய செயலன்று. ஊருக்கு ஒரு கருவிப்பெட்டி, கழுவுவதற்கு ஒரு நன்னீர்த் தொட்டி, மொத்தமாக வாங்கிய எண்ணெய், கைவசம் சில இம்பெல்லர்கள் ஆகியவை இருந்தாலே பெரும்பாலான பழுதுகள் பிறக்கும் முன்னரே நீங்கிவிடும்.

தமிழ்த்துறையின் கடமை

இதில் நமக்கு என்ன பணி என்று தமிழ் பயிலும் மாணவர் வினவலாம். நெய்தல் நிலத்தையும் பரதவர் வாழ்வையும் வகுப்பறையில் கற்கின்றோம். திமில், அம்பி, நாவாய் என்னும் கலங்களின் பெயர்களை மனப்பாடம் செய்கின்றோம். இன்றைய பரதவரின் கலத்தில் உள்ள எஞ்சினோடு வரும் கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. அதனைப் பிளாஸ்டிக் உறையோடு பரணில் வைத்துவிடுகின்றனர். எண்ணெய் எப்போது மாற்றுவது, நீர்த்தாரை நின்றால் யாது செய்வது, எக்கட்டிக்கு வண்ணம் பூசலாகாது என்பனவற்றை மீனவர் வழங்கும் சொற்களிலேயே, படங்களுடன், பெரிய எழுத்தில் பதினாறு பக்கங்களுக்குள் எழுதித் தந்தால் அது சிறந்த தமிழ்த் தொண்டாகும். மெக்கானிக்குகளிடமும் படகோட்டிகளிடமும் சென்று சொற்களைத் திரட்டுவது மாணவருக்கு நல்லதோர் ஆய்வுப் பயிற்சியுமாகும். அச்சிடும் செலவைச் சமுதாயப் பெரியோர் ஏற்பது அவர்களுக்கு எளிது.

விரைவு மகிழுந்தின் உரிமையாளர் தம் வண்டிக்குக் கொடுக்கும் மதிப்பைப் பழவேற்காட்டு மீனவர் தம் எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். ஏனெனில், முன்னவருக்கு அது பெருமை. பின்னவருக்கு அது வாழ்வு. அம்மதிப்பிற்கு நாளொன்றின் விலை ஏறத்தாழ 75 ரூபாயே. பங்கு பிரிக்கும் இடத்தில் அமர்ந்திருப்போருள் எஞ்சினும் ஒருவர் எனக் கொண்டு, அதன் பங்கை முதலில் எடுத்து வைப்போமாக.